இடது கை தூக்கியவள்

கேட்டுவிட்டாள். கேட்டது கேட்டதுதான். வாயிலிருந்து விழுந்த பேரை அள்ளித் திரும்ப உள்ளே போட்டுக்கொள்ள இனி முடியாது. "மமதா, நீ சொல்லு" என்று சொன்னது தன் குரல்தானா என்று கோகிலவாணிக்கே சந்தேகமாக இருந்தது. ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கடைசி பெஞ்சில், பிள்ளைகளின் முட்டி இடிக்கிற அந்தச் சின்ன இடத்தில் பெரிய உடம்பை மடக்கி உட்கார்ந்திருந்த எக்ஸ்டர்னல், அவளுக்கு மார்க் போட வெளியிலிருந்து வந்தவர், பேனாவை நிறுத்தினார். வாசல் நிலையில் சாய்ந்து நின்ற ஜெயசீலி டீச்சர், வகுப்புக்குச் சொந்தக்காரர், பயிற்சிக்கு வந்த கோகிலவாணிக்குக் கையைப் பிடித்து எல்லாம் சொல்லிக் கொடுத்தவர், நிமிர்ந்து நின்றார். மூன்றாவது வரிசையில் மமதா எழுந்தாள். எழுந்தவள் தூக்கிய கையை இறக்கவில்லை. கூப்பிட்டால் அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை, ஏனென்றால் அவளைக் கூப்பிடுவதாகவே திட்டம் இல்லை. தூக்கியிருந்தது இடது கை. போச்சு, கோகி, உன் பி.எட். போச்சு என்று உள்ளே ஒன்று சொன்னது, போனால் போகட்டும் என்று இன்னொன்று சொன்னது, இரண்டுமே அவள் குரலில்தான் சொல்லின.

திட்டம் ரொம்பச் சுலபம். செய்முறைத் தேர்வன்று கேள்வி கேட்டால் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. பின்னால் உட்கார்ந்திருக்கிற எக்ஸ்டர்னலுக்குத் தெரிவது கைக்காடு மட்டும்தான். எந்தக் கை என்று அவருக்கா தெரியப் போகிறது? டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கூப்பிடுவாள், பதில் டாண் என்று வரும், எல்லாரும் சாப்பிடப் போகலாம். ஜெயசீலி டீச்சர் நாசரேத் பக்கத்துக்காரர், திருப்பூருக்கு வந்து தலை நரைத்த பிறகும் ஊர்ப் பேச்சு மாறாதவர், இதைச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு குற்ற உணர்வும் அவர் முகத்தில் இல்லை. மற்ற பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளைகளை அன்றைக்கு லீவு போடச் சொல்லிவிடுவார்கள், நான் அப்படிச் செய்ய மாட்டேன், எல்லாப் பிள்ளையும் உள்ளே இருக்கட்டும், எல்லாப் பிள்ளையும் கை தூக்கட்டும் என்றார். பிள்ளைக்கும் அவமானம் இல்ல, ஒனக்கும் மார்க் போவாது, என்ன சொல்லுத என்றார். என்ன சொல்வது? சரிங்க டீச்சர் என்றாள். முதல் ஒத்திகையில் வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டு இதுதான் வலது கை என்று தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள், பாதி வகுப்பு கண்ணாடி பார்ப்பது போல இடது கையைத் தூக்கிவிட்டது, நவநீதன் உட்பட. நவநீதனுக்குத் தெரியாதது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் கிடையாது, அவனே இடது கை! அப்புறம் டான்ஸ் டீச்சர் மாதிரி வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, இது வலது, இது இடது என்று திரும்பத் திரும்பத் தூக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பாடத்துக்கு ஆன நேரத்தைவிட அந்தக் கைக்கு ஆன நேரம் அதிகம். இதை அப்போதே யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

மின்விசிறி கடக் கடக் என்கிறது. பக்கத்து வகுப்பில் ஒன்பதாம் வாய்ப்பாடு ஓடுகிறது. சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசம் வருகிறது, கடுகு கொஞ்சம் கருகிவிட்டது. மமதா பேசவில்லை. பேசாமல் ஒரு பிள்ளை நின்றால் வகுப்பு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது. கேள்வி ஒன்றும் பிரமாதமான கேள்வி இல்லை. இரும்புக் கம்பியும் மரக்கட்டையும் ஒரே வெயிலில் கிடக்கின்றன, தொட்டால் கம்பி மட்டும் ஏன் கூடுதலாகச் சுடுகிறது? அவ்வளவுதான். பதில் நவநீதன் வாயில் தயாராக நிற்கிறது, இரும்பு எளிதில் கடத்தி, மரம் அரிதில் கடத்தி. அவன் வலது கை பெஞ்சைவிட்டு எம்பி எம்பித் துடிக்கிறது. பரவாயில்லை உட்காரு மமதா, நவநீதன் நீ சொல்லு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஓடும். எக்ஸ்டர்னல் எழுதுவார், ஜெயசீலி டீச்சர் மூச்சு விடுவார், வீட்டில் அப்பா காபி குடித்துக்கொண்டே என்ன ஆச்சு கண்ணு என்று கேட்பார், நல்லாப் பண்ணியிருக்கேன்ப்பா என்று சொல்லலாம். அப்பா கெட்டவர் இல்லை. இந்த ஒரு வருசம் பார்ப்போம், தேறினால் டீச்சர், தேறாவிட்டால் மறுபடி பனியன் கம்பெனிதான், அதற்கு மேல் என்னை ஒன்றும் கேட்காதே என்று சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னபடி நிற்கிற மனுசன். கம்பெனி என்றால் செக்கிங் டேபிள். டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, புரட்டி, கறை, ஓட்டை, நூல் விட்டது எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிப் போடுகிற வேலை. காலேஜ் முடித்த கையோடு அதைத்தான் செய்தாள், நன்றாகவே செய்தாள், ஒரு பார்வை போதும் அவளுக்கு, நல்லது இந்தப் பக்கம், பழுது அந்தப் பக்கம். அதே பார்வையைத்தான் இங்கேயும் கொண்டு வந்திருக்கிறாள், அதே கையைத்தான். தூ என்று தன் மேலேயே துப்பிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஏன் கேட்டாள்? இதற்கு முந்தின மூன்று கேள்விக்கும் ஒழுங்காகத்தானே வலது கையாகப் பார்த்துக் கூப்பிட்டாள். மூன்று தடவையும் கண் மமதாவைத் தாண்டிப் போயிற்று. தாண்டும்போதெல்லாம் அந்தக் கை அங்கே இருந்தது. வகுப்பிலேயே நேரான கை அதுதான். முழங்கை வளையாமல், வலிக்காமலிருக்க இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சொன்னதைச் சரியாகச் செய்கிறேன் பாருங்கள் டீச்சர் என்று சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. தெரியாது என்பதை இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு ஆசையாகச் செய்வதற்கு ஒரு பிள்ளையைப் பழக்கியாயிற்று, பழக்கியது நான்தான் என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் வாய் மமதா என்று சொல்லிவிட்டது. தன்னையும் இப்படித் தாண்டிப் போனவர்கள் உண்டு. ஆறாம் வகுப்பில் கணக்கு டீச்சர். முதல் நாள் ஒவ்வொருவராக எழுப்பி எந்தத் தெரு என்று கேட்டார். கோகிலவாணி தெருப் பேரைச் சொன்னாள், அவர் ஓ என்றார். அந்த ஓவுக்குப் பிறகு வருசம் முழுக்க அவர் கண் அவள் மேல் நிற்கவே இல்லை, ஸ்டாப்பில் நிற்காமல் போகிற பஸ் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால்கூட நான் அங்கே இருந்தேன் என்று ஒரு கணக்கு இருந்திருக்கும். வீட்டில் பேசுவது தெலுங்கு, அதில் நாலு வார்த்தை தவறி வகுப்பில் வந்து விழுந்தால் சிரிப்பு, அதனால் வாயையே திறக்காமல் இருந்தாள், வாயைத் திறக்காத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லாருக்கும் முடிவாகிவிட்டது. அவளுக்குப் பின்னம் நன்றாகத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யார் கேட்டார்கள்? நான் டீச்சரானால் எல்லாரையும் கேட்பேன் என்று அந்த வயதில் சபதம் போட்டாளாக்கும், பெரிய சபதம், அந்தச் சபதத்தின் லட்சணம் இதோ நிற்கிறது இடது கையைத் தூக்கிக்கொண்டு.

மமதா தொண்டையைச் செருமினாள். வகுப்பே முன்னால் குனிந்தது. ஒன்றும் வரவில்லை. கல்லூரியில் தனியாள் வேறுபாடுகள் என்று ஒரு பாடம். சைக்காலஜி நடத்திய அம்மா கைடைப் பார்த்து வாசிப்பார், பிள்ளைகள் குறிப்பெடுக்கும். ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை வாய்ந்தது, அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோகிலவாணியும் அடிக்கோடு போட்டாள், ஸ்கேல் வைத்து, பச்சை மையில். பரீட்சையில் அதற்குப் பக்கம் பக்கமாக எழுதினாள். பன்முகத்தன்மை கொண்ட வகுப்பறையை ஆசிரியர் எவ்வாறு கையாள வேண்டும்? கையாள்வதாம்! இந்த வகுப்பில் தேனிப் பக்கத்திலிருந்து வந்ததுகள் இருக்கின்றன, தர்மபுரி இருக்கிறது, பீகார் இருக்கிறது, அம்மாவோடு ராத்திரி வரைக்கும் பனியனில் பிசிர் நூல் வெட்டிவிட்டு வந்து முதல் பீரியடிலேயே தூங்குகிறவன் இருக்கிறான், திக்குவாயை மறைக்கச் சிரித்தே சமாளிக்கிறவன் இருக்கிறான். கைடில் இவர்களில் ஒருத்தர்கூட இல்லை. மமதா ஒடிசாக்காரி, பிள்ளைகள் இந்திக்காரி என்று கூப்பிடும், அவளுக்குக் கோபம் வரும். மதியச் சோற்றுக்குத் தட்டோடு நிற்கையில் ஒருநாள் கோகிலவாணியிடமே சொன்னாள், நான் இந்தி இல்லீங்க டீச்சர், இந்தி எனக்கே பாதிதானுங்க தெரியும் என்று. வந்து இரண்டு வருசத்தில் அவள் பேச்சு அச்சு அசல் திருப்பூராகிவிட்டது, வாங்க போங்க எல்லாம் வந்துவிட்டது, வரிசையில் நிற்கும்போது அவளை மாதிரி வாயாடி கிடையாது. அவர்கள் ஊரில் மழைக்காலத்தில் வாசலிலேயே மீன் வரும் என்பாள். அண்ணன் தறியில், அம்மா பிசிரில், அப்பா எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அத்தனை பேச்சும் வகுப்பு வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிடும். உள்ளே வந்தால் ஊமை. ஏன் என்று கோகிலவாணி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க நேரமில்லை, சார்ட் வரைய வேண்டியிருந்தது, ரெக்கார்டு முடிக்க வேண்டியிருந்தது, எந்தக் கை என்று சொல்லித் தர வேண்டியிருந்தது.

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது மமதாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. ஐயோ, என்ன செய்துவிட்டேன்? யாருக்காகக் கேட்டேன் இந்தக் கேள்வியை? அவளுக்காகவா, எனக்காகவா? ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சரைப் பழிவாங்க இந்தப் பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டேனோ? ஜெயசீலி டீச்சர் சொன்னது சரிதானோ? இடது கை என்பது பிள்ளைக்கு ஒரு மறைப்பு, அதைப் பிடுங்கிப் போட நான் யார்? பெரிய புரட்சிக்காரி! நான் இன்னும் நாலு நாளில் கிளம்பிப் போய்விடுவேன், இவள் இங்கேயே இருந்து இந்தச் சிரிப்பை வருசம் பூராவும் சுமக்க வேண்டும். நியாயம்தான். ஆனால் மறைத்து மறைத்து எங்கே கொண்டுபோய் விடுவது? ஏழாம் வகுப்பில் மறைத்தோம், எட்டில் மறைத்தோம், பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹாலில் எந்தக் கையைத் தூக்குவாள்? அவமானமில்லாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமல் செய்துவிடலாம். சிரித்தவன் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தாள். சிரிப்பு நின்றது. அப்போதுதான் எக்ஸ்டர்னல் வாயைத் திறந்தார். கோபமாகச் சொல்லவில்லை, வழி தவறியவளுக்கு வழி சொல்வது மாதிரிதான் சொன்னார்.

"வேற யாரையாவது கேளுங்கம்மா. நேரம் போகுதில்ல."

"கொஞ்சம் இருங்க சார். அவ யோசிக்கிறா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எக்ஸ்டர்னலிடம் இருங்க என்று சொன்ன பி.எட். பிள்ளை எந்த ஊரிலாவது உண்டா? ஜெயசீலி டீச்சர் கண்ணாலேயே கெஞ்சினார், நவநீதனைக் கேளு, நவநீதனைக் கேளு. மாட்டேன். அப்பா முகம் வந்தது, செக்கிங் டேபிளின் வெளிச்சம் வந்தது, வந்தால் வரட்டும், அங்கேயும் மனுசர்கள்தானே இருக்கிறார்கள். இந்தப் பிள்ளையை உட்காரு என்று மட்டும் சொல்ல மாட்டேன். உட்காரு என்பதுதான் இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் டீச்சர்கள் அதிகமாகச் சொல்கிற வார்த்தை. எழுப்புவது, விழிக்க விடுவது, உட்காரு, அடுத்து நீ. எடுத்துக் கொடுக்கவும் மாட்டேன். 'எளி' என்று ஆரம்பித்தால் வகுப்பே 'தில் கடத்தி' என்று முடிக்கும், மமதாவும் சேர்ந்து கத்துவாள், தெரிந்துவிட்டது என்று எல்லாரும் நம்பிக்கொள்ளலாம். அந்தச் சோலியே வேண்டாம். நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லு தாயே, நானும் நிற்கிறேன். உன்னைத் தாண்டிப் போக மாட்டேன். மார்க் போடுகிறவர் போடட்டும், கழிக்கிறவர் கழிக்கட்டும். யோசிக்கிறாள் என்று சொல்லிவிட்டேனே, நிஜமாக யோசிக்கிறாளா, இல்லை பயத்தில் உறைந்து நிற்கிறாளா? தெரியவில்லை. இத்தனை நாள் பாடம் எடுத்தும் இந்த முகத்தைப் பார்த்து அது என்ன முகம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் இப்போது கோகிலவாணி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருக்கிறது, இதுவரை கண்ணில் பட்டதே இல்லை. நெற்றியில் வேர்வை. உதடு எதையோ சொல்லிப் பார்த்துச் சொல்லிப் பார்த்து விடுகிறது. அப்படியென்றால் யோசிக்கிறாள்தான். வாய்ப்பாடு பக்கத்து வகுப்பில் நின்றுபோயிருந்தது.

மமதா கையை இறக்கினாள். ரொம்ப நேரம் தூக்கி மரத்துப் போயிருக்க வேண்டும், இன்னொரு கையால் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு கோகிலவாணியை நேராகப் பார்த்தாள். அழவில்லை. வரிசையில் தட்டோடு நிற்கும்போது பேசுகிற அதே குரல், உரக்க, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி.

"தெரியாதுங்க டீச்சர். எங்களுக்குக் கை தூக்கத்தானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

ஜெயசீலி டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டது சத்தமாகவே கேட்டது. கோகிலவாணிக்குக் காது இரண்டும் சூடாகி, கண்ணில் தண்ணீர் முட்டியது. அவமானம்தான், இல்லையென்று சொல்ல முடியாது, நடுத்தெருவில் சேலை அவிழ்ந்தது மாதிரி அவமானம். அதோடு சேர்ந்தே, எங்கிருந்து வந்ததோ, ஒரு சந்தோசம். அடி என் ராசாத்தி, இந்த அறைக்குள் இன்றைக்குப் பேசிய முதல் உண்மை உன்னுடையதுதான். இத்தனை கூட்டத்தில், மார்க் போடுகிற பேனாக்காரர் ஒருத்தர் பின்னால் இருக்கையில், டீச்சர் மூஞ்சிக்கு நேராகச் சொன்னாயே. ஆறாம் வகுப்பில் எனக்கு இந்த வாய் இல்லாமல் போயிற்றே. எக்ஸ்டர்னல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கை தூக்குறதுன்னா என்னம்மா, இந்தப் பிள்ளை என்ன சொல்லுது என்று கேட்டார். ஜெயசீலி டீச்சர் அது ஒண்ணுமில்ல சார் என்று உள்ளே வரப் பார்த்தார். கோகிலவாணி முந்திக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், தெரிந்தவன் வலது, தெரியாதவன் இடது, சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று. ஜெயசீலி டீச்சர் பேரை எடுக்கவில்லை. சொல்லி முடித்ததும் பயம் மிச்சமில்லாமல் போய்விட்டது, இனி எடுத்துக்கொள்ள அவளிடம் யாருக்கும் ஒன்றும் இல்லை.

எக்ஸ்டர்னல் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, சரிம்மா, என் வேலை முடிஞ்சது, நீங்க நிறுத்திக்கலாம் என்று பேனாவை மூடினார். மார்க் எவ்வளவு, தேறினாளா, தோற்றாளா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை.

"உங்க வேலை முடிஞ்சுதுங்க சார். எனக்குப் பெல் அடிக்கிற வரைக்கும் பீரியட் இருக்குது."

கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். கலர் சாக்பீஸில் ராத்திரி கண் விழித்துப் போட்டுப் பார்த்த படமெல்லாம் அங்கே அழகாக இருந்தது. டஸ்டரை எடுத்து மொத்தத்தையும் துடைத்தாள். தூள் புடவை முழுக்க விழுந்தது. மமதாவைப் பார்த்து, நீ சொன்னது சரி, உனக்குச் சொல்லித் தரவில்லை, இப்போது சொல்லித் தருகிறேன் என்றாள். மமதா, அப்பிடின்னா இவனுக்கும் சேத்துச் சொல்லுங்க, இவனுக்கும் தெரியாது என்று பக்கத்தில் இருந்தவனைக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவன் அவள் கையைக் கிள்ளினான். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கெல்லாம் தெரியாதோ எல்லாரும் கை தூக்குங்கள், எந்தக் கையாக இருந்தாலும் சரி என்றாள்.

யாரும் தூக்கவில்லை. பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டன. பின்னால் எழுந்து நின்ற எக்ஸ்டர்னல் பையைத் தோளில் மாட்டியபடி நின்றுவிட்டார். கோகிலவாணி காத்திருந்தாள். காத்திருப்பது இப்போது அவளுக்குச் சிரமமாகவே இல்லை. அப்புறம் முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. நவநீதன். வகுப்பு ஆவென்று பார்த்தது. அவன் எழுந்து, யாரையும் பார்க்காமல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"டீச்சர், எனக்கு விடை தெரியும். ஏன்னுதான் தெரியாது."